இருபத்திரண்டு திரைகளில் மாமனார்

என் வேலை என்னவென்று மாமனாருக்கு ஒரே ஒரு முறைதான் விளக்க முயன்றேன். திருமணமான புதிது. "ஆபீஸ்ல என்ன பண்றீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். "கேஷ் பண்றது மாமா" என்றேன். தூரத்திலிருந்து ஒரு முறை கொண்டுவந்த தகவலை, அடுத்த முறையும் அலையாமல் இருப்பதற்காகப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதற்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயர் அது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் நான் ஏதோ ஒரு பெரிய இடத்தில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். ஒரு சித்தப்பா சில்லறை மாற்றித் தரச்சொல்லிக்கூடக் கேட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இப்போது இருக்கும் மரியாதையும் போயிருக்கும்.

மாமனார் ஒரு கோட் கடையில் முப்பத்தெட்டு வருடம் அளவெடுத்தவர். ஓய்வு பெற்று எங்களோடு வந்து தங்கி இரண்டு வருடமாகிறது. பால் வாங்கப் போனாலும் இஸ்திரி போட்ட சட்டை, மேலே கோட், கழுத்துவரை பொத்தான். மிச்சமிருக்கும் முடியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கண்ணாடிக்கு முன்னால் கால் மணி நேரம் ஆகும். பல் செட் மேலும் கீழும் கட்டியது. கட்டியவள் அவர் மகள், அதாவது என் மனைவி. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் பல்லுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். சந்தேகம் வரக்கூடாது என்று ஒரு பல்லை லேசாகச் சாய்த்துவைத்தாள், இன்னொன்றில் டீக்கறை மாதிரி ஒரு மங்கல் சேர்த்தாள். அவர் பல் இல்லாமல் இருப்பதை எங்கள் இருவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. நாங்களும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான். சாப்பிட்டதும் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, சோபாவில் அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு இரண்டு மணி நேரம் தூங்குவார்.

எங்கள் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு அறை. அதில் இரண்டே பேர், முதலாளியும் நானும். முதலாளிக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் அவசரம். அனுப்பும் கடிதம் எல்லாவற்றுக்கும் அவர் அந்தத் தலைப்புத்தான் போடுவார். ஒரு நாள் காலையில் அவர் என் மேசையில் வந்து சாய்ந்துகொண்டார்.

"ஒரு கண்காட்சி வேலை வந்திருக்கு. கணினியில வரையற படங்கள். இருபத்துநாலு ஓவியர், இருபத்துநாலு பெரிய திரை. படமும் கீழே பேரும் சரியா வரணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொல்லும் வேலைகள் எனக்கு அத்தனை எளிதில் முடிந்ததில்லை.

இந்தப் படங்கள் எந்த ஒரு நிறுவனத்தின் கணினியிலும் இருப்பவை அல்ல. உலகம் முழுக்க யார் யாரோ தங்கள் கணினியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறார்கள். அந்த வலையில் யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. ஒவ்வொரு படத்தோடும் ஒரு சீட்டு இருக்கும். தலைப்பு, வரைந்தவர், ஆண்டு, விளக்கம், படத்தின் முகவரி. மெட்டாடேட்டா என்பார்கள், எனக்கு அது சீட்டுத்தான். சீட்டை நிரப்புவது ஓவியர்கள். ஆண்டு என்ற இடத்தில் ஒருவர் 'போன மழைக்கு முன்னால்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் விளக்கம் என்ற இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்திருந்தார்.

நான் எழுத வேண்டியது ஒரு வெப் ஏபிஐ, அதாவது திரைக்கும் அந்த வலைக்கும் நடுவே ஓடும் நிரல். திரை 'ஏழாம் எண்' என்று கேட்டால், ஏபிஐ வலைக்குள் போய் ஏழாம் எண்ணின் சீட்டைக் கொண்டுவரும், எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருக்கிறதா என்று சரிபார்க்கும், தேறினால் ஒரு பிரதியைக் கையோடு வைத்துக்கொண்டு திரைக்கு அனுப்பும். தேறாவிட்டால் ஓவியருக்கு ஒரு மின்னஞ்சல் போகும், திரைக்கு ஒரு மாற்றுப் படம் போகும்.

மூன்று வாரத்தில் எழுதி முடித்தேன். சரிபார்ப்பதில் எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டது ஐந்து விதி, நான் எழுதியது நாற்பத்தொன்று. ஆண்டு நான்கு இலக்கம். விளக்கம் நாற்பது எழுத்துக்குக் குறையக்கூடாது, ஐந்நூறைத் தாண்டக்கூடாது. தலைப்பு கேள்விக்குறியில் முடியக்கூடாது; இதற்கு என்ன காரணம் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. வாழ்க்கையில் என் பேச்சை யாரும் கேட்டதில்லை. இருபத்துநாலு ஓவியர்கள் என் மின்னஞ்சலுக்குப் பயந்து தங்கள் சீட்டைத் திருத்தி எழுதியபோது தலைகால் புரியவில்லை.

இதை எல்லாம் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு படம் தேவைப்பட்டது. அது நிஜமாகவே அந்த வலையில் வெளியான படமாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மடிக்கணினியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர் சோபாவில் மாமனார். கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்தேன். முன்னால் ஒன்றும் யோசிக்கவில்லை, பின்னால் ஒன்றும் யோசிக்கவில்லை. வலையில் ஏற்றி, சீட்டையும் நிரப்பினேன். தலைப்பு: மாமனார். வரைந்தவர்: மாப்பிள்ளை. ஆண்டு: 0001. விளக்கத்துக்கு நாற்பது எழுத்து வேண்டுமே என்று, 'இவர் சாப்பிட்டதும் தூங்குவார். எழுப்பினால் நான் எங்கே தூங்கினேன் என்று கேட்பார்.'

என் நாற்பத்தொரு விதியிலும் தேறிய ஒரே சீட்டு பல நாட்களுக்கு இதுதான். அதனால் மாற்றுப் படம் என்ற இடத்திலும் தற்காலிகமாக இதையே வைத்தேன். பிறகு ஒரு சாம்பல் நிறச் சதுரத்தை வைத்துவிடலாம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அந்தக் காகிதத்தின் மேல் ஒரு நாள் டீ கொட்டியது. துடைத்துக் கூடையில் போட்டேன்.

திறப்பு நாளுக்கு முந்தைய நாள் கண்காட்சி அமைப்பாளரோடு கூடத்துக்குப் போனேன். முன்பு அது ஏதோ குளிர்பதனக் கிடங்கு. உயரமான சுவர்கள், வரிசையாக ஆளைவிடச் சற்று உயரமான திரைகள். அமைப்பாளர் நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய அம்மையார், கழுத்தில் எப்போதும் ஒரு அளவுநாடா. இருபத்துநாலு படமும் வந்தன. இருபத்துநாலு பெயரும் வந்தன. அவர் ஒவ்வொன்றாக நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஒரே ஒரு உதவி. இனிமே எதையும் தொடாதீங்க."

"சேச்சே, எதுக்கு மேடம் தொடறேன்" என்றேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தொட்டேன்.

காரணம் ஒரு இடைவெளி. பதினெட்டாம் எண்ணின் தலைப்பில் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இடைவெளி விட்டிருந்தது. இதை மனிதக் கண் பார்த்திருக்காது. நான் பார்த்தேன். பார்த்த பிறகு டீ இறங்கவில்லை. நாற்பத்திரண்டாவது விதியாக ஒரே வரி எழுதினேன்: தலைப்பில் இரட்டை இடைவெளி இருந்தால் நிராகரி. பதினெட்டாம் எண் ஓவியருக்கு ஒரு மின்னஞ்சல் போகும், மதியத்துக்குள் திருத்திவிடுவார், யாருக்கும் தொந்தரவு இல்லை என்று கணக்குப் போட்டேன். எல்லாம் புதிதாக ஆரம்பிக்கட்டும் என்று ஏபிஐ கையோடு வைத்திருந்த பழைய பிரதிகளை மொத்தமாக அழித்தேன். திரைகளும் தங்களிடம் உள்ளதை மறந்துவிடும்படி ஒரு கட்டளை அனுப்பினேன். பிறகு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். மின்னஞ்சல் போனதா என்றுகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்றல்ல, இருபத்திரண்டு போயிருப்பது தெரிந்திருக்கும்.

திறப்பு மாலை ஐந்து மணிக்கு. மாமனார் நான்கு மணிக்கே தயார். காலை நடையில் பழக்கமான நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, நல்ல குரல் வளம்.

"எங்க மாப்பிள்ளை ஏற்பாடு பண்ணின கண்காட்சி" என்று நண்பரிடம் சொன்னார். நான் அசடு வழிய நின்றேன்.

கூடத்தில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். ஓவியர்கள் அவரவர் திரைக்குக் கீழே, சிலர் பெற்றோரோடு, ஒருவர் கைக்குழந்தையோடு. அமைப்பாளர் நடுவில் நின்று நான்கு வரி பேசினார். விளக்குகளை மங்கலாக்கினார்கள். எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் உயிர்பெற வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படியே உயிர்பெற்றன.

இருபத்திரண்டு திரைகளில் என் மாமனார். ஒவ்வொருவரும் ஐந்தடி உயரம். பல் இல்லை. தலைமுடி வலப்பக்கமே விழுந்துகிடந்தது. வாய் ஒரு குகை மாதிரி திறந்திருந்தது. மீதி இரண்டு திரைகளில் மட்டும் வரவேண்டிய படங்கள் வந்திருந்தன. அவற்றின் தலைப்புகள் 'உப்பு', 'ஜன்னல்'. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இரட்டை இடைவெளி இருந்தால் நிராகரி என்று எழுதுவதாக நினைத்துக்கொண்டு, இடைவெளி இருந்தாலே நிராகரி என்று எழுதியிருக்கிறேன். ஒற்றைச் சொல் தலைப்புகள் தப்பித்தன. 'மாமனார்' ஒற்றைச் சொல்.

முதலில் எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஏதோ புதுமை என்று நினைத்திருக்கலாம். பிறகு தபால் அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்துத் திரையின் கீழே இருந்ததைத் தன் வளமான குரலில் வாசித்தார்.

"மாமனார். வரைந்தவர், மாப்பிள்ளை. இவர் சாப்பிட்டதும் தூங்குவார். எழுப்பினால் நான் எங்கே தூங்கினேன் என்று கேட்பார்." வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "ஏன்யா, இது நீதானே?"

சிரிப்பு அங்கேயிருந்து கிளம்பிக் கூடம் முழுக்கப் போனது.

மாமனார் கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பல் செட் அப்போது வாயில்தான் இருந்தது. இருந்தும் பொத்திக்கொண்டார். பிறகு, திருமணமான இந்த ஏழு வருடத்தில் நான் பார்க்காத ஒன்றைச் செய்தார். கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றி, கோட்டைக் கழற்றி, ஒரு நாற்காலியில் ஏறி எட்டி, பக்கத்திலிருந்த திரையின் மேல் விளிம்பில் மாட்டினார். ஒரு முகம் மறைந்தது. சட்டையோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"மத்ததை அணைக்க முடியுமா மாப்பிள்ளை?"

மொத்தமாக மின்சாரத்தை நிறுத்தலாம் என்றால் கூடத்தின் விளக்குகளும் அதே இணைப்பில் இருந்தன. ஒரு மூலையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, அந்த ஒரு வரியைத் திருத்தினேன். இரண்டு நிமிடம். ஏபிஐ சரியாகிவிட்டது. திரைகள் சரியாகவில்லை. தேறிய சீட்டுகளை ஒரு வருடம் வரை மறுபடி கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று திரைகளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். மாமனார் முறைப்படி தேறியவர். ஆகவே இருபத்திரண்டு திரைகளும் அவரை ஒரு வருடம் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தன. காலையில் அனுப்பினேனே, மறந்துவிடச் சொல்லி ஒரு கட்டளை, அதை இப்போதும் அனுப்பினேன். கூட்டத்தில் நூற்றைம்பது பேரின் கைப்பேசிகளும் கூடத்தின் இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்ததால் அது போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு திரைக்கும் நேரில் போய், பின்பக்கம் விசைப்பலகையைச் செருகி, கையால் அழிக்க வேண்டும்.

"ஏணி எங்க இருக்கு மேடம்?" என்று கேட்டேன்.

அமைப்பாளர் மூலையைக் கை காட்டினார்.

முதலில் ஒரு சுற்று ஏறி இறங்கித் திரைகளை அணைத்தேன். நூற்றைம்பது பேர் பார்க்க, என் மாமனாரை ஒவ்வொருவராக அணைத்துக்கொண்டு போனேன். ஏணி ஒரு கால் குட்டை. நான்காவது திரைக்குப் போனபோது யாரோ கீழே பிடித்துக்கொண்டார்கள். குனிந்து பார்த்தால் ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், விரல் நுனியெல்லாம் நீல மை.

"நான் பதினொண்ணாம் நம்பர்" என்றார். "ஆண்டு செல்லாது, ஆண்டு செல்லாதுன்னு எனக்கு ஆறு மெயில் வந்துச்சே, அது நீங்கதானா?"

'போன மழைக்கு முன்னால்' இவர்தான் என்று புரிந்தது. "ஆமாங்க."

"கீழ பேரே இல்ல. பெரிய ஆபீஸ் போல, ஒரு கூட்டமே உக்காந்து பார்க்கறாங்க போலன்னு நெனச்சேன். பயந்துபோய் ஏதோ ஒரு வருஷத்தைப் போட்டேன்."

"நான் ஒருத்தன்தாங்க."

"அது இப்ப தெரியுது" என்றார். ஏணியை மட்டும் விடவில்லை. இருபத்திரண்டு திரைக்கும் கூடவே வந்து பிடித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் ஒவ்வொன்றாக அழித்து, எல்லாப் படங்களும் திரும்ப வரும்போது மணி ஆறேகால். கைக்குழந்தையோடு வந்த ஓவியர் போய்விட்டிருந்தார். அவர் படம் வந்தபோது அதன் கீழே யாரும் இல்லை. அன்று நடந்ததில் இது ஒன்றை மட்டும் என்னால் இன்றும் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

மாமனாரும் போய்விட்டிருந்தார். கோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்த விதத்திலேயே செய்தி வந்து சேர்ந்துவிட்டது தெரிந்தது.

"மூணு வாரம் ஆச்சு எனக்கு அந்தப் பல்லுக்கு" என்றாள். "கூட இருக்கறவங்களுக்கே தெரியாத மாதிரி செஞ்சேன். நீங்க பல்லே இல்லாம ஊருக்கே காட்டிட்டு வந்திருக்கீங்க."

"வேணும்னு பண்ணல."

"வேணும்னு பண்ணியிருந்தா இவ்வளவு சரியா வந்திருக்காது. உங்களைத் தெரியாதா எனக்கு."

அந்த வாரம் மாமனார் என்னோடு கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது. காலை நடைக்குப் போவதை நிறுத்தினார். சாப்பிடும்போது வாயை அதிகம் திறக்காமல் சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் எழுந்து தன் அறைக்குள் போனார், உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. காலியான சோபாவைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என்னை நானே எத்தனை முறை திட்டினாலும் அது யாருக்கும் உபயோகப்படவில்லை.

நான்கு மணிக்குக் கதவைத் தட்டினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், சட்டை, கோட் எல்லாம் போட்டுக்கொண்டு.

"மாமா, தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க."

"சரி. அந்தப் படத்தை அழிச்சிடுங்க."

இந்த இடத்தில்தான் என் வேலையைப் பற்றி இரண்டாம் முறையாக விளக்க வேண்டி வந்தது. "என்கிட்ட இருந்ததை அன்னிக்கே அழிச்சிட்டேன் மாமா. அந்த வலையில மத்தவங்ககிட்டயும் பிரதி இருக்கும். அதை நான் அழிக்க முடியாது."

"மத்தவங்கன்னா யாரு?"

"அது... தெரியாது."

"யாருன்னே தெரியாதவங்ககிட்ட என் படத்தைக் கொடுத்தீங்களா?"

தொழில்நுட்பம் தெரிந்த பலரோடு இந்த வலையைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். இந்தக் கேள்வியை அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அடுத்த நான்கு நாளும் இதே வேலையாக இருந்தேன். தேடிப் பார்த்ததில் பதினோரு கணினிகளில் பிரதி இருந்தது. கண்காட்சிகளில் வரும் படங்களைத் தானாகவே எடுத்துச் சேர்த்து வைக்கும் காப்பகங்கள் சில, தனி ஆட்கள் சிலர். முகவரி கிடைத்த ஆறு பேருக்கும் கடிதம் எழுதினேன். 'இதில் இருப்பவர் என் மனைவியின் தந்தை, அவர் அனுமதியில்லாமல் எடுத்தது, தயவுசெய்து நீக்குங்கள்.' எழுத எழுதத்தான் நான் செய்தது என்ன என்று எனக்கே முழுசாகத் தெரிந்தது. நான்கு பேர் நீக்கிவிட்டார்கள். இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. காப்பகங்களுக்குக் கடிதம் படிக்க ஆளே கிடையாது.

"இன்னும் ஏழு இருக்கு மாமா" என்று போய்ச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அளவெடுக்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கி யோசித்தார். "அதே இடத்துல வேற படம் வைக்க முடியுமா?"

"அதே முகவரில முடியாது. படம் மாறினா முகவரியும் மாறிடும். தனியா புதுசா ஒண்ணு வைக்கலாம்."

"அப்ப அதுவும் அழியாதில்ல?"

"அழியாது."

"வைப்போம்" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை வீடே படப்பிடிப்புத் தளம் ஆனது. சோபாவை நகர்த்தினோம். அடர் நீலக் கோட்டா, சாம்பல் கோட்டா என்பதில் ஒரு மணி நேரம். மனைவிதான் படம் பிடித்தாள். என் கையில் கைப்பேசியைக் கொடுக்க இருவருமே சம்மதிக்கவில்லை. வெளிச்சத்துக்காக ஒரு வெள்ளைப் போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அறுபது படம் எடுத்தாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முதல் படத்தையே தேர்ந்தெடுத்தார். அதில் பல் தெரியச் சிரித்திருந்தார், அந்தச் சாய்ந்த பல்லும் தெரிந்தது.

சீட்டு நிரப்ப உட்கார்ந்தோம். ஆண்டு என்றதும் எழுந்துவிட்டார்.

"ஆண்டு எதுக்கு? வயசு தெரிஞ்சிடும்."

"படம் எடுத்த வருஷம்தான் மாமா. கட்டாயம் போடணும்."

"யார் கட்டாயம்னு சொன்னது?"

"நான்தான்."

அந்த விதியை அங்கேயே தளர்த்தினேன். ஆண்டு தெரிந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் அவரவர் சொல்லில் எழுதலாம் என்று மாற்றினேன். மாற்றிய கையோடு பதினொன்றாம் எண் ஓவியருக்கு, இந்த முறை கீழே என் பெயர் போட்டு, ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அவர் சீட்டில் 'போன மழைக்கு முன்னால்' திரும்ப வந்துவிட்டது.

விளக்கத்தை மாமனார் தனியாக உட்கார்ந்து காகிதத்தில் எழுதினார். மூன்று நாள் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். மகள் தட்டச்சு செய்து கொடுத்தாள். ஏபிஐயிடம் கொடுத்தேன். நிராகரித்தது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு எழுத்து.

"ஐந்நூறுதான் மாமா அளவு. கொஞ்சம் குறைக்கணும்."

"முப்பத்தெட்டு வருஷத்தை ஐந்நூறு எழுத்துல எப்படிச் சொல்றது? ஒருத்தர் உடம்பு பெருசா இருந்தா துணியைக் கூட்டுவோம். ஆளை வெட்டச் சொல்ல மாட்டோம்."

"எதுக்கும் ஒரு அளவு வேணுமில்ல?"

"சரி, எதை எடுக்கலாம்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அன்றைக்கு முதலாளி அவசரத்திடமிருந்து ஏழு மின்னஞ்சல் வந்திருந்தது. படித்துப் பார்த்து, வெட்டி, அவரிடம் சம்மதம் வாங்கி, இதெல்லாம் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. அளவை ஆயிரம் என்று மாற்றிவிட்டேன். ஒரு எண்ணைத் திருத்தியதும் சீட்டு தேறியது, வலையில் ஏறியது, முகவரி வந்தது. அமைப்பாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் திறப்பு நாளுக்குப் பிறகு முதன்முறையாக எனக்குப் பதில் எழுதினார். 'இது நன்றாக இருக்கிறது. வாசல் பக்கத்துச் சின்னத் திரையில் வைக்கிறேன். நானே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம்.'

மறுநாள் மாமனார் தபால் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது அவர் முகத்தில் பழைய களை இருந்தது.

"அவர் சத்தமா படிச்சார். பத்துப் பதினஞ்சு பேர் நின்னு கேட்டாங்க" என்றார்.

"என்னதான் மாமா எழுதியிருந்தீங்க?" என்று கேட்டேன்.

மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீங்க படிக்கவே இல்லையா? நீங்கதானே சரிபார்த்தீங்க?"

என் ஏபிஐ எழுத்துகளை எண்ணும், படிக்காது. எழுதியவனும் அப்படித்தான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் கைப்பேசியை எடுத்து வாசித்தாள். எந்தெந்த உடம்புக்கு எப்படி அளவெடுத்தார், கூன் விழுந்தவருக்குத் தெரியாமல் எப்படித் துணி கூட்டுவது, மணமகன்கள் ஏன் பயத்தில் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். நன்றாகவே எழுதியிருந்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவள் குரலில் ஒரு மாற்றம்.

"'என்னுடைய வேறொரு படமும் வெளியே இருக்கிறது. அது என் மாப்பிள்ளை செய்த வேலை. நல்ல பிள்ளை, மகளை நன்றாக வைத்திருக்கிறார். எழுதுவதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை.'"

மாமனார் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இனிமே புதுசா திருத்தி வச்சாலும் இந்தப் பிரதி எங்கேயாவது இருந்துக்கிட்டே இருக்கும்."

"தெரியும் மாப்பிள்ளை. நீங்கதானே சொன்னீங்க. அதனாலதான் மூணு நாள் உக்காந்து எழுதினேன்."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. குனிந்து சாப்பிட்டேன்.